இருக்கிறாரா, இல்லையா

"இறப்புன்னு போட்டுடட்டுமா சார்? மூணு நாளா போனை யாரும் எடுக்கலை."

பதிவாளர் இப்படிக் கேட்டதும் பயிற்சியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யாரும் சொல்லாம நீங்களா எப்படிப் போடுவீங்க? அனுமானத்துல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாதுன்னு காலையிலேருந்து தொண்டை வத்தக் கத்திக்கிட்டிருக்கேன். இன்னொரு தடவை கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பராமரிப்பவர்களுக்கான வருடாந்தரப் பயிற்சி அது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்தால்தான் சான்றிதழைப் புதுப்பிப்பார்கள். அறையில் பதினெட்டுப் பேர், வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் இதே வேலையில் தலை நரைத்தவர்கள். யாருக்கு நோய் வந்தது, எந்த உறுப்பில், எந்தக் கட்டத்தில் என்று எழுதி வைத்து, பிறகு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று விசாரிக்க வேண்டும். இன்றைய பாடம் அந்த விசாரிப்பு.

கேள்வி கேட்ட அந்தப் பெண் பதிவாளர் கொண்டுவந்திருந்த கோப்பு, கணையத்தில் நோய் வந்த ஒருவருடையது. நாலாம் கட்டம். அந்த வரியைப் படித்த எவரும் அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். மனிதர் நாலாவது வருடத்தைத் தொட்டிருந்தார்.

ஒவ்வொரு தடவையும் போனை எடுப்பது அவருடைய மனைவிதான். அவரிடம் கொடுக்கவே மாட்டாள். "அவர்கிட்ட இந்தப் பேச்சையே நாங்க எடுக்கறதில்லம்மா. எதுவானாலும் எங்கிட்டயே கேளு," என்பாள். முதல் வருடம், புதிதாக ஏதாவது மருந்து வந்திருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பதிவாளருக்கு என்ன தெரியும்? நடந்து முடிந்ததை எழுதுகிறவள். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். அன்று முழுக்க மனசு சரியில்லை.

போன வருடம் அந்த அம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். "அவருக்கென்ன, ரெண்டு மாடியும் மடமடன்னு ஏறறார். நான்தான் பாதியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருக்கேன்," என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். 'உயிருடன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தபோது, தானே பரீட்சையில் தேறிவிட்டதுபோல ஒரு சந்தோஷம்.

இப்போது மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓயப்போகும் நேரத்தில் யாரோ எடுத்தார்கள். ஆண் குரல். வயதான, கரகரத்த குரல்.

அவள் படிவத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சார், ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். வருஷா வருஷம் கூப்பிடுவேன்..."

"தெரியும்மா. இந்த மாசம் நீங்க கூப்பிடுவீங்கன்னு காலண்டர்ல எழுதி வச்சிருக்கு." பின்னால் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது. "எல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. வீடு பூரா ஆளுங்க. போனை எடுக்கவே தோணலை."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். பதிவாளருக்கு அந்த அம்மாளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசலாமா என்றிருந்தது. பேசி என்ன ஆகப்போகிறது? மூன்று வருடமாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாளே தவிர, அந்த வீட்டுக்கு அவளால் ஒரு துரும்பைக்கூட நகர்த்திக் கொடுக்க முடிந்ததில்லை.

பயிற்சியாளர் படிவத்தை விரலால் தட்டிக் காட்டினார். அதில் இருப்பதை மட்டும் கேட்க வேண்டும், ஊர்க்கதை பேசக் கூடாது என்பது அவருடைய முதல் விதி.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அவங்க தவறின தேதி மட்டும் சொன்னீங்கன்னா..."

"பதினேழு. வெள்ளிக்கிழமை காலையில."

எழுதினாள்.

"இந்த நோயினாலதானா சார்? இல்ல, வேற காரணமா?"

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மாரடைப்புன்னாங்க. தூக்கிட்டுப் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

பயிற்சியாளரின் முகம் மலர்ந்தது. பட்டியலில் இருப்பவர் எதனால் இறந்தாலும் புற்றுநோயின் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று மத்தியானம் முழுக்க அங்கலாய்த்தவர் அவர். "பாத்தீங்களா, கேட்டதாலதானே தெரிஞ்சுது," என்று மற்றவர்களைப் பார்த்துக் கிசுகிசுத்தார். மதிப்பெண் தாளில் அவள் பெயருக்கு எதிரே எதையோ எழுதினார். பக்கத்தில் இருந்தவர் அவள் முதுகில் லேசாகத் தட்டிக்கொடுத்தார்.

அவளுக்கோ ஆறவில்லை. இத்தனை பெரிய நோயோடு நாலு வருடம் மல்லுக்கட்டி நின்ற மனிதர், கடைசியில் வேறொன்றால் பொசுக்கென்று போயிருக்கிறார். அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த அந்த அம்மாள் இப்போது எந்த மூலையில் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ.

'இறப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். படிவத்தில் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சார். தகவல் சொன்னவர்னு உங்களை எழுதணும். நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

மறுமுனையில் அவர் யாரையோ கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"நோயாளியே நான்தானேம்மா. போனது என் வீட்டுக்காரி."