முதுகுக்குப் பின்னால்

கலைமதிக்குக் கை வரைய வராது. அதனால் அவள் வரைந்த கொம்பு வைத்த படைத்தலைவன், சிறகு முளைத்த ராணி, மூன்று கண் சூனியக்காரி எல்லோருமே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி அறைச் சுவரில் நின்றார்கள். கோடுகளும் மயிர் மயிராகப் பிசிறடிக்கும். ஒரே வளைவைப் பயந்து பயந்து திரும்பத் திரும்பக் கீறுவாள். பார்த்துப் பார்த்து அறைத்தோழி ரஹீமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“தோள்லேர்ந்து ஒரே இழுப்பா இழுடி. தப்பா வந்தா வரட்டும், அழிக்காத” என்று ரப்பரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினாள்.

மழைக்காலம் முழுக்கக் கலைமதி வெறும் கோடுகளாக இழுத்துப் பழகினாள். கை நடுக்கம் நின்றது. பிறகுதான் படைத்தலைவனைப் புதுத் தாளில், கைகள் முன்னால் தெரியும்படி வரைய உட்கார்ந்தாள். தோளில் தொடங்கிய கோடு முழங்கை, மணிக்கட்டு என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரித்த உள்ளங்கையைத்தான் அவள் நினைத்திருந்தாள். பென்சில் நிற்கவில்லை. விரல்கள் இறுக மூடின. முஷ்டியிலிருந்து வெட்டுண்ட சடை ஒன்று தொங்கியது. நுனியில் இரட்டை முடிச்சுப் போட்ட ரிப்பன்.

“கோடு பிரமாதம்டி!” என்று குனிந்த ரஹீமாவின் கை தானாகத் தன் பின்னலுக்குப் போனது. அதே ரிப்பன், அதே முடிச்சு.

“என்னடி வெளையாட்டு இது? அழி அத.”

“எதால அழிக்கிறது?”

இருவரும் சுவரை நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு.