சத்தமில்லாத தீபாவளி

தீபாவளிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். பிள்ளைகளை மாடியில், சுவர் முழுக்க விளையாட்டு காட்டும் திரை பார்த்துக்கொண்டது. பிள்ளைகள் போடும் சத்தத்தை மட்டும் வடிகட்டும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, பெரியவர்கள் கூடத்தில் நிம்மதியாகச் சீட்டாடினோம்.

பிள்ளைகள் பந்திக்கு ஐந்து இலை போட்டேன். நாலு பேர்தான் வந்தார்கள். என் மகன் செழியனைக் காணோம்.

"அவன் எங்கேடி?" என்றேன். அண்ணன் மகள் யாழினி வாயை மட்டும் அசைத்தாள். கருவியைப் பிடுங்கி எறிந்தேன்.

"கூடத்து பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு அத்தை. மூணு தடவை வந்து சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டுனீங்க."

கூடத்துக்கு ஓடினேன். பாத்ரூமுக்குள்ளிருந்து, தொண்டை கம்மிப்போய், "அம்மா" என்று கேட்டது. அந்தக் கதவில் சாய்ந்தபடிதான் என் கணவர் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்.