கறுப்புத் துணி மூடிய கூடை

முப்பத்தாறு நாளில் பொரிய வேண்டிய முட்டை. இன்றோடு முப்பத்தெட்டு.

தையல்காரி பாறை மறைவில் உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. இந்த வருடம் முட்டையிட்டதும் இது ஒன்றுதான். ஊரே முறை வைத்துக் காவல் காத்தது.

போன வருடம் முட்டை காணாமல் போனது அவளுடைய முறையில். ஓடுகூட மிஞ்சவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் அறுத்தது.

எடுத்தவன் ஊருக்குள்தான் இருக்கிறான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, இந்த வருடம் எல்லாருடைய முறைக்கும் அவளும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

சந்தேகப்பட ஆளா இல்லை? முறைக்கு வந்தவர்கள் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீட்டாடினார்கள். கொழுந்தன் அவளைக் கண்டால் பேச்சை மாற்றினான். முந்தாநாளிலிருந்து மீன்காரி பொடிமீனைத் தனியாக எடுத்து ஒளித்து வைத்தாள்.

"யாருக்குடி இது?"

"பூனைக்குக்கா."

பறவைக்காகத் தீவிலிருந்த கடைசிப் பூனையையும் படகேற்றி அனுப்பி ஒரு வருடமாகிவிட்டது.

சருகு மிதிபடும் சத்தம். கணவன் வந்தான். கையில் கூடை, அதன் மேல் கறுப்புத் துணி. அவள் தைத்த துணிதான். பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்று பள்ளிக்கூட லேபின் ஜன்னல்களுக்குத் திரை கேட்டிருந்தார்கள்.

"நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படு. நான் பாத்துக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத பேச்சு.

அவள் கூடையைப் பார்த்தாள். முட்டைக்குத்தான் கூடை கொண்டுவந்திருக்கிறான். ஊரெல்லாம் தேடிய திருடன் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டிருக்கிறான்.

"நீங்களா?" என்று துணியை உருவினாள்.

கூடைக்குள் பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு, வாயைப் பிளந்து கத்தியது.

சத்தம் கேட்டுப் பறவை எழுந்து நின்றது.

அதன் காலடியில் முட்டை பத்திரமாகக் கிடந்தது. மழையில் ஒரு பக்கம் வர்ணம் உரிந்து, உள்ளே மர ரேகை தெரிந்தது.

தீவில் மரம் கடையும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

"என்னிக்கு மாத்துனீங்க?"

"மொத நாளே, நீ வர்றதுக்கு முன்னாடி. நெஜ முட்டை பள்ளிக்கூட லேப்ல, குஞ்சு பொரிக்கிற மெஷின் சூட்டுல இருந்துச்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவன் குனிந்து மர முட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குஞ்சை வைத்தான். பறவை கொஞ்சம் தயங்கியது. பிறகு உட்கார்ந்து மூடிக்கொண்டது.

"உன்னைத் தவிர எல்லாருக்கும்" என்றான், பறவையைப் பார்த்தபடி. "உன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு கூட்டம் போட்டாங்க. வேணாங்கறவங்க கை தூக்குங்கன்னாங்க."

மர முட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"நானும் தூக்கினேன்."