காயும் சட்டை

ஒலிபெருக்கி மழை பெய்வதாக அறிவித்ததும் தெருவில் எல்லோரும் குடை விரித்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வருடம் மழைக்குக் குறைவில்லை என்று மேலிடம் முடிவு செய்ததிலிருந்து யாரும் வெளியே துணி காயப்போடுவதில்லை. ஊர் முழுக்க ஈரத்துணியின் முடை நாற்றம். குடையை மடக்கியதற்காக வடிவாம்பாளின் கணவனை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இன்று அவள் மொட்டைமாடிக் கொடியில் அவன் சட்டையை உதறிப் போட்டாள்.

காவலர் ஏகாம்பரம் குடையோடு மூச்சிரைக்க மேலேறி வந்தார். "ஏம்மா, மழை கொட்டுது. துணிய எடு."

"காஞ்சதும் எடுத்துர்றேன் சார். அவரு வந்தா மாத்திக்க வேணும்ல."

"உன்னையும் கூட்டிட்டுப் போகணுமா?"

அவள் சட்டையில் கிளிப்பை மாட்டினாள். பக்கத்து மாடிகளில் குடைகள் அசையாமல் நின்றன. அவர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் துணி அலசிய வாளியைத் தூக்கிச் சட்டைமேல் தண்ணீரை ஊற்றினார். அவருடைய சட்டைக் கையும் தொப்பலாக நனைந்தது.

"இப்ப சொல்லு. மழையா, இல்லையா?"

வடிவாம்பாள் சட்டையை முறுக்கிப் பிழிந்து, மறுபடி கொடியில் போட்டாள். "காஞ்சுரும் சார். இருந்து பாத்துட்டே போங்க."

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை. கொடியில் சட்டையின் ஓரம் காற்றில் லேசாக ஆடத் தொடங்கியது. எல்லா மாடிகளும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் ஏகாம்பரம், காய்ந்துகொண்டிருந்த தன் சட்டைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.