செய்து பார்த்தேன், அருமை

"மேடம், அந்தப் படத்துல இருக்கிற இலையை எங்கே பறிச்சீங்க?"

வார இதழின் ஆசிரியர் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. பக்கம் நீளம், கொஞ்சம் வெட்டணும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"வீட்டுக்குப் பின்னாடிதான் சார். வேலியோரம் புதரா மண்டிக் கிடக்கு. ஏன், படம் சரியா வரலையா?"

"படம் நல்லாத்தான் வந்திருக்கு, அதுதான் வம்பே. தாவரவியல் பேராசிரியர் ஒருத்தர் கூப்பிட்டார். அது காட்டுப் பூண்டு இலை இல்லையாம். பார்க்க அச்சா அதே மாதிரி இருக்குமாம், ஆனா கசக்கினா பூண்டு வாசனை வராதாம். விஷம் மேடம். இதயத்தைப் பிடிக்குமாம்."

அவள் கையிலிருந்த காய்கறிப் பையைச் சமையல் மேடையில் வைத்தாள்.

'இந்த வாரம் எனக்குப் பிடித்தவை' அவளுடைய பக்கம். ஒரு சமையல், ஒரு புத்தகம், வீட்டுக்கு ஒரு புதுப் பொருள். வசந்தம் பிறந்துவிட்டதே என்று இந்த வாரம் காட்டுப் பூண்டு இலை சூப், தோட்டத்தில் உட்கார்ந்து படிக்க ஒரு நாவல், படுக்கையறைக்கு ஒரு மஞ்சள் விளக்கு.

"நீங்க செஞ்சு பார்த்துட்டுத்தானே எழுதினீங்க?" என்றார் ஆசிரியர்.

படத்தில் இருந்தது பாக்கெட்டில் வாங்கிய பட்டாணி சூப். அழகுக்குப் பக்கத்தில் ஒரு கொத்து இலை. அவ்வளவுதான்.

"இணையத்துலேர்ந்து தூக்கிட்டேன். ஆனா நேத்தே கீழே எழுதியிருக்காங்க பாருங்க, 'செய்து பார்த்தேன், அருமை'ன்னு. நான் என் பக்கத்துல விசாரிக்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்களை நீங்க கேளுங்க."

"ஏம்மா, கொஞ்சம் தண்ணி தர்றியா?" படுக்கையறையிலிருந்து கணவனின் குரல். அவள் கடையிலிருந்து திரும்பியபோதே தலைவலி என்று படுத்திருந்தான்.

"இதோ வர்றேங்க."

அவள் போகவில்லை. நீ எழுதுறதை ஈ காக்கா கூடச் செஞ்சு பார்க்காது என்று வாராவாரம் வம்புக்கு இழுக்கிறவன். இது காதில் விழுந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். ஓசைப்படாமல் அறைக்கதவைச் சாத்தப் போனாள்.

"அந்த மஞ்சள் விளக்கை வாங்கிட்டியா என்ன? ரூமே மஞ்சளா இருக்கு" என்றான் உள்ளிருந்து.

"கேலியை அப்புறம் வெச்சுக்கலாம், தூங்குங்க."

முதலில் பல் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். பிள்ளைகள் இரண்டும் கிண்ணத்தை வழித்து நக்கின என்று எழுதியிருந்தவர் அவர்தான். மணி அடிக்க அடிக்க, அவள் கண்முன் அந்தப் பிள்ளைகள் சுருண்டு கிடந்தன.

"சூப்பா?" என்று இழுத்தார் டாக்டரம்மா. "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சந்தோஷப்படுவீங்களேன்னு எழுதினேன். கிளினிக்கை விட்டு வந்தா எனக்கு நூடுல்ஸ் கிளறத்தான் தெம்பு இருக்கு."

அவளுக்குப் போன உயிர் பாதி வந்தது.

அடுத்தவர் நூலகர். "அந்த இலைக்கு நான் எங்கேம்மா போவேன்? நாலு பேர் எழுதியிருந்தாங்க, நானும் எழுதினேன்."

"அந்த நாவல்? ரெண்டு தடவை படிச்சேன்னீங்களே?"

"பின்னட்டையை ரெண்டு தடவை படிச்சேன்."

வேறு நாளாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பாள். இன்று அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மிச்சம் நாத்தனார். ஒரு வாரம்கூட விடாமல் பாராட்டுகிறவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். தனியாக இருக்கிறவள். தரையில் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

"ஏம்மா..." மறுபடி அறைக்குள்ளிருந்து.

"ஒரு நிமிஷம் சும்மா இருங்களேன்."

நாத்தனார் எடுத்துவிட்டாள். "குளிச்சிட்டு இருந்தேன் அண்ணி. என்ன இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"அந்த சூப்பைக் குடிச்சியா? உண்மையைச் சொல்லு."

"உங்ககிட்ட மறைப்பானேன். நீங்க எழுதினது எதையும் நான் செஞ்சதே இல்லை அண்ணி. வாராவாரம் அண்ணன்தான் போன் பண்ணி, 'ரெண்டு வரி பாராட்டி எழுது, அவ மனசு குளிரும்'னு சொல்லும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஆசிரியரிடமிருந்தும் செய்தி வந்தது. அவர் விசாரித்த யாருமே அடுப்புப் பக்கம் போகவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்லவேளை, ஊரே புளுகியிருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு அறைக்குள் போனாள். திருட்டு மனுஷன், அவன் குட்டு உடைந்ததைச் சொல்லிக் காதைத் திருக வேண்டும்.

அவன் கை ஜில்லென்று இருந்தது. தலையணை வேர்வையில் நனைந்திருந்தது.

"என்னங்க இது, இப்படி வேர்க்குது?"

"எப்பவும் கேலி பண்றேனேன்னு மனசு உறுத்துச்சும்மா. நீ கடைக்குப் போனப்ப அந்த இலைப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, வேலியோரம் தேடிப் பறிச்சு சூப் வெச்சேன். கொஞ்சம் கசந்துச்சு, ஆனா ஒரு சொட்டு விடலை" என்று அவன் மெல்லச் சிரித்தான். "இந்த வாரம் நானே எழுதலாம்னு பார்த்தேன், 'செய்து பார்த்தேன், அருமை'ன்னு. எல்லாம் மஞ்சளா இருக்கு, எழுத்துதான் கண்ணுக்குத் தெரியலை."