நினைவில்லாதவனின் கட்டைவிரல்

லாரி மோதியதில் நினைவில்லாமல் கிடக்கும் மெக்கானிக்கின் தலைக்கட்டில் காலை வெயில் விழுகிறது. லாரி முதலாளியின் ஆள் சென்ட் மணக்கக் கட்டிலில் உட்கார்ந்து, அவன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்துகிறான். மடியில், 'தப்பு என்னுடையதுதான்' என்று எழுதிய தாள். மருந்தோடு வரும் மெக்கானிக்கின் மனைவி அதைப் பார்த்துவிடுகிறாள்.

"என்னய்யா பண்ற?"

"கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும், தங்கச்சி. மாப்பிள்ளை நல்லதுக்குத்தான்" என்று இளிக்கிறான், விரலை விடாமல்.

"யாருக்கு யாருய்யா தங்கச்சி?" புருஷன் கையைப் பிடுங்கி, முந்தானையால் மையைத் தேய்த்துத் துடைக்கிறாள். "நடந்ததை அவரே எந்திரிச்சு போலீஸ்ல சொல்லுவாரு."

மைப்பெட்டியைக் கட்டிலடியில் இருக்கும் வாந்திச் சட்டிக்குள் போடுகிறாள்.

"கையை விட்டு எடுத்துட்டுப் போ."