முதலில் கால் வைத்த நாடு

தட்டில் மூன்று ஊசிகள். மூன்றும் அவள் மகனுக்கு.

மடியில் இருந்த நிதுலன், தாதியின் கழுத்தில் தொங்கிய பேனாவைப் பிடிக்க எட்டிக்கொண்டிருந்தான். பதினாலு மாதம். ஊசி என்றால் என்னவென்று மறந்திருந்தான்.

அவள் மறக்கவில்லை.

மேசையில் கிடந்த தொலைபேசியிலிருந்து மொழிபெயர்க்கும் பெண்ணின் குரல் வந்தது. முகம் தெரியாது. பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சு.

“தங்கச்சி, ஊரிலை போட்டதுக்குப் பிறகு பிள்ளைக்கு வேறை எங்கையும் ஊசி போட்டதோ எண்டு கேக்கிறா.”

இல்லை என்று சொல்ல வேண்டும். அகதி விசாரணையில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஊரிலிருந்து விமானம், பிறகு மூடிய லொறி, லொறியை விட்டு இறங்கினால் இந்த நாடு. நடுவில் எதுவும் தெரியாது.

நடுவில் ஒரு கடற்கரை நாடு இருந்தது. அங்கே கூடாரத்தில் ஏழு மாதம்.

போய் இறங்கிய அன்று அங்கே கைரேகை பிடிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. பிறகு யாரும் கூப்பிடவுமில்லை. ஆயிரத்தில் ஒருத்தியாகத் தப்பியவள்.

இந்தப் பக்கத்து நாடுகளெல்லாம் கூடி ஒரு விதி எழுதி வைத்திருக்கின்றன. அகதி முதலில் கால் வைத்த நாடே அவளுக்குப் பொறுப்பு. தெரிய வந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் எங்கள் கரையில்தானே இறங்குகிறார்கள் என்கிறது கடற்கரை நாடு. விதி விதிதான் என்கிறது இந்த நாடு. இரண்டுக்கும் மேலே இருக்கிற பெரிய சபை, உங்களுக்குள் கடிதம் எழுதிக் கேளுங்கள் என்கிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இரண்டு ரயில் நிலையம் தள்ளி அவளுடைய அக்கா இருக்கிறாள். ஆனால் வளர்ந்தவளுக்கு அக்கா குடும்பக் கணக்கில் சேர மாட்டாளாம். விதி எழுதியவர்கள் அக்காவின் கையால் சோறு தின்னாதவர்கள்.

தடயம் ஒன்றும் மிஞ்சக்கூடாது என்றிருந்தான் லொறியில் கூட்டிவந்தவன். பஸ் டிக்கெட், முகாம் அடையாள அட்டை, பால்மா டின்னில் ஒட்டியிருந்த தாள்கூட ஆற்றோடு போனது.

பிள்ளையின் ஊசி அட்டை மட்டும் போகவில்லை.

ஊரில் அந்த அட்டையைத் தொலைத்த தாய்மாரை மருத்துவமாது கிளினிக் முழுக்கக் கேட்க ஏசுவாள். காணி உறுதி தொலைந்தாலும் பிள்ளையின் காட் தொலையக்கூடாது. அந்த ஏச்சுக்குப் பழகிய கை. எறிய வரவில்லை.

இப்போதும் அது பொலித்தீன் உறையில், அவள் சுவெற்றருக்குள் இருந்தது.

அதில் நான்கு ஊசிகள். இரண்டு ஊரில் போட்டவை; மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் கடற்கரை நாட்டின் முத்திரை. நான்காவதற்கு நேரே சிவப்பு மையில் இரண்டு வரி.

அந்த ஊசி போட்ட கால்மணி நேரத்தில் நிதுலனின் உதடு நீலம் பாரித்தது. மூச்சு வரவில்லை. கூடாரத்து டொக்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிள்ளை அழத் தொடங்கிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினார். இனி ஒருபோதும் இதைப் போடக்கூடாது என்று விரலை ஆட்டிக் காட்டினார்.

எந்த ஊசி?

பெயர் அவளுக்குத் தெரியாது. அட்டைக்குத்தான் தெரியும்.

ஒன்றுமே வேண்டாம் என்று எழுந்து போகலாம். ஆனால் அகதி விடுதியின் மேல்மாடியில் ஐந்து பிள்ளைகளுக்குச் சின்னமுத்து, உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலும். நேற்று ஒன்றை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

“தங்கச்சி, கேக்குதோ?”

தாதி முதல் ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

அவள் கை சுவெற்றருக்குள் போனது.

தாதி அட்டையை விரித்தாள். சிவப்பு வரிகளை இரண்டு தரம் வாசித்தாள். கழற்றிய மூடியைத் திரும்பப் போட்டு, கையிலிருந்த ஊசியைத் தட்டுக்கு வெளியே வைத்தாள்.

இன்னொரு திகதியைக் காட்டி, இரண்டாவது ஊசியையும் தள்ளி வைத்தாள். அது ஏற்கெனவே போட்டாயிற்று. மிச்சம் சின்னமுத்து ஊசி ஒன்றுதான்.

பிறகு புது அட்டை ஒன்றை எடுத்தாள். அந்த இரண்டு வரியைத் தன் மொழியில் எழுதினாள், சிவப்பிலேயே.

அடுத்து, முன்பு போட்ட ஊசிகள். மருந்து, திகதி, போட்ட நாடு.

பேனா நின்றது.

தாதி முத்திரையைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அந்த முத்திரை என்ன செய்யும் என்று இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

தாதி பேனாவை மூடினாள். பாவித்த ஊசிகளைப் போடும் மஞ்சள் வாளியைக் காலால் இழுத்தாள். பழைய அட்டையை அதன் வாய்க்கு மேலே பிடித்தாள். விடவில்லை. பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

“என்ன, ரெண்டு பேரின்ரையும் சத்தத்தைக் காணேல்லை?” என்றது தொலைபேசி.

அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளையைத் திருப்பித் தந்த மனிதரின் கையெழுத்து அது. அதையா எறிவது?

அட்டையைத் தாதியிடமிருந்து வாங்கினாள்.

தானே வாளிக்குள் போட்டாள்.

அட்டை இல்லையென்றால் அதிலிருந்த ஊசிகளும் போடாத ஊசிகள்தான். தள்ளி வைத்திருந்த இரண்டாவது ஊசியைத் தொட்டு, தாதியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் தரம் போட்டாலும் கேடில்லை என்பதுபோல் தாதி மெல்லத் தலையசைத்தாள்.

அவள் அதை எடுத்து மறுபடி தட்டில் வைத்தாள். நிதுலனின் காற்சட்டையைத் தொடைக்கு மேலே சுருட்டினாள். அவன் சிரித்தான்.

“ஒண்டுமில்லை அக்கா,” என்றாள் தொலைபேசியிடம். “வேறை எங்கையும் போடேல்லை எண்டு சொல்லுங்கோ.”